எதிராளியையும் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள்

2013 டிசம்பரில் 'மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2' என்ற சண்டை விளையாட்டு பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இணையக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. விளையாட்டில் கோளாறு எதுவும் இல்லை. வாங்க ஆள் இல்லாமலும் போகவில்லை. வுல்வரின், ஸ்பைடர்மேன் போன்ற பாத்திரங்கள் மார்வெலின் சொத்து. அவற்றைப் பயன்படுத்த ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வாங்கியிருந்த உரிமம் முடிந்துபோனது. 2000ஆம் ஆண்டு ஆர்கேட் கூடங்களில், அதாவது காசு போட்டு ஆடும் பெரிய வீடியோ கேம் பெட்டிகள் வைத்த கூடங்களில், அறிமுகமாகி, பல நாடுகளில் போட்டிகள் நடந்த ஒரு விளையாட்டு அது. அதன்பின் பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்த இணையக் கடைகளில் அதைப் புதிதாக வாங்க வழியில்லாமல் போனது. ரசிகர்கள் இணையத்தில் இயக்கமே நடத்தினார்கள். 2024 செப்டம்பரில், வேறு ஆறு பழைய விளையாட்டுகளோடு சேர்ந்து, ஒரே தொகுப்பாக அது திரும்பி வந்தது.

இப்படிப்பட்ட தொகுப்புகள் இப்போது வரிசையாக வருகின்றன. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' விளையாட்டின் முப்பதாம் ஆண்டையொட்டி 2018ல் ஒன்று. 2022ல் 'கேப்காம் ஃபைட்டிங் கலெக்‌ஷன்'. 2025ல் அதன் இரண்டாம் தொகுப்பு. எஸ்.என்.கே. நிறுவனத்தின் 'சாமுராய் ஷோடவுன்' 2020லும், அமெரிக்காவின் 'மார்ட்டல் காம்பாட்' 2025லும் இதே வடிவில் வந்தன. நாற்பது வயதுக்காரர்களின் பழைய நினைவைக் காசாக்கும் வியாபாரம் என்று இவற்றை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பார்வை விஷயத்தின் பாதியைத் தவறவிடுகிறது. ஒரு சண்டை விளையாட்டின் உயிர் அதன் படங்களில் இருப்பதைவிட, அதன் நேரக்கணக்கிலும் எதிரே உட்காரும் ஆளிடமும் இருக்கிறது. இந்த இரண்டையும் எந்த அளவுக்குத் திருப்பிக் கொடுக்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு தொகுப்பை எடைபோட வேண்டும். அப்படி எடைபோட்டால், இவற்றில் சில வெறும் மறுவிற்பனையாகத் தெரியாது; நல்ல பதிப்பு வேலையாகவே தெரியும்.

நேரக்கணக்கு என்றால் என்ன? 1991ல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'வை எடுத்துக்கொள்வோம். ஒரு ஜாய்ஸ்டிக், ஆறு பொத்தான்கள். மூன்று குத்துக்கு, மூன்று உதைக்கு. ரியூ என்ற வீரன் கையிலிருந்து நெருப்புப் பந்து விட வேண்டுமானால் ஜாய்ஸ்டிக்கைக் கீழே அழுத்தி, அப்படியே முன்பக்கம் உருட்டி, குத்துப் பொத்தானைத் தட்ட வேண்டும். பந்து வருவதைப் பார்த்து எதிராளி தாவுவார். தாவுவார் என்று முன்பே கணித்தால், அவர் இறங்கும் இடத்தில் மேல்நோக்கிய குத்தோடு காத்திருக்கலாம். அவர் தாவாமலே நின்றால் அந்தக் குத்து வீணாகி, நாம் திறந்த மார்போடு நிற்போம். இந்தக் கணிப்பும் ஏமாற்றும்தான் மொத்த விளையாட்டும். இது எல்லாம் நடப்பது விநாடிக்கு ஏறத்தாழ அறுபது படங்கள் மாறும் வேகத்தில். ஒரு படத்தை ஃபிரேம் என்கிறார்கள். ஒரு ஃபிரேம் சுமார் 17 மில்லிவிநாடி. எந்தக் குத்து எத்தனை ஃபிரேமில் தொடங்குகிறது, எத்தனை ஃபிரேம் நீடிக்கிறது என்பதெல்லாம் ஆடுபவர்களுக்கு மனப்பாடம்.

இன்று பெரும்பாலான சண்டை விளையாட்டுகளில் இருக்கும் 'காம்போ', அதாவது எதிராளி தடுக்கவே முடியாதபடி அடுத்தடுத்து விழும் அடிகள், இந்த ஃபிரேம் கணக்கிலிருந்து தற்செயலாகப் பிறந்ததுதான். காரை உடைக்கும் இடைச்சுற்றைச் சோதித்துக்கொண்டிருந்த கேப்காமின் நோரிடாக்கா ஃபுனாமிசு, சரியான கணத்தில் தட்டினால் ஓர் அடியோடு இன்னோர் அடி ஒட்டிக்கொள்வதைக் கவனித்தார். யாராலும் எளிதில் பயன்படுத்த முடியாது என்று நினைத்து அதை நீக்காமல் விட்டுவிட்டார்கள். ஆடவந்த இளைஞர்கள் அதைக் கண்டுபிடித்து ஒரு கலையாகவே வளர்த்தார்கள். பழைய நிரலைத் துடைத்துச் சீராக்கி மறுபடி எழுதும் எவரும், பிழை என்று நினைத்து இப்படிப்பட்ட ஒன்றை முதல் நாளே களைந்துவிடக் கூடும்.

2004ல் கலிஃபோர்னியாவில் நடந்த எவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியில் இந்த நேரக்கணக்கின் உச்சத்தைப் பார்க்கலாம். விளையாட்டு 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்டு ஸ்டிரைக்'. டைகோ உமெஹாரா ஆடிய கென் என்ற வீரனுக்கு உயிர்க்கோடு கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. ஜஸ்டின் வாங்கின் சுன்லி தன் பெரிய தாக்குதலைத் தொடுக்கிறாள்; பதினைந்து உதைகள். வழக்கம்போலத் தடுத்தாலும் ஒவ்வோர் அடியும் கொஞ்சம் உயிரைத் தின்னும். அந்தக் கொஞ்சமே போதும், கதை முடிந்துவிடும். இந்த விளையாட்டில் இன்னொரு வழி உண்டு. அடி படும் கணத்தில் ஜாய்ஸ்டிக்கை எதிராளியை நோக்கியே தட்டினால் சேதமே இல்லாமல் அடி விலகும். அதற்குக் கிடைக்கும் அவகாசம் விநாடியில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகாது. உமெஹாரா பதினைந்தையும் அப்படியே தட்டிவிட்டு, திருப்பி அடித்து அந்தச் சுற்றை வென்றார். திரையின் பதில் நான்கைந்து ஃபிரேம் தாமதமாகியிருந்தால், அல்லது அந்த உதைகளின் இடைவெளி சற்று மாறியிருந்தால், அந்தக் கணம் நடந்திருக்காது. தேர்டு ஸ்டிரைக்கைப் பாதுகாப்பது என்றால் அந்த இடைவெளியைப் பாதுகாப்பதுதான்.

ஆர்கேட் காலத்தில் வீட்டுக் கருவிகளுக்கு வந்த பதிப்புகள் பல இந்தப் பாதுகாப்பைக் கோட்டைவிட்டன. 1996ன் 'எக்ஸ்மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்' விளையாட்டின் சிறப்பே, இரண்டு வீரர்களைத் தேர்ந்து சண்டையின் நடுவிலேயே ஒருவரை அனுப்பி மற்றவரை அழைப்பது. முதல் பிளேஸ்டேஷனில் அதற்குப் போதிய நினைவகம் இல்லை. அங்கே வந்த பதிப்பில் அந்த ஆள்மாற்றத்தையே எடுத்துவிட்டார்கள். சேகா சாட்டர்னில், தனியாகச் செருகும் 4 எம்பி நினைவகக் கேட்ரிட்ஜோடு, அது ஒழுங்காக ஓடியது. ஆனால் அந்தப் பதிப்பு ஜப்பானில் மட்டுமே விற்றது. ஆக, ஜப்பானுக்கும் ஆர்கேட் கூடத்துக்கும் வெளியே இந்த விளையாட்டை அறிந்த பெரும்பாலோர் அறிந்தது அதன் ஊனமுற்ற வடிவத்தைத்தான். 1996ல் வெளியான 'ரெட் எர்த்' கதை இன்னும் மோசம். அது ஆர்கேட் பெட்டியை விட்டு வெளியே வந்ததே 2022 தொகுப்பில்தான்.

மூலப் பெட்டிகளோ சாகும்படியே செய்யப்பட்டவை. 1993 முதல் கேப்காம் விற்ற சி.பி.எஸ்-2 பலகைகளில், திருட்டு நகலைத் தடுக்க, நிரலைப் பூட்டி வைத்தார்கள். பூட்டைத் திறக்கும் சாவி, சின்ன பேட்டரி ஒன்றின் மின்சாரத்தில் மட்டுமே உயிரோடிருக்கும் நினைவகத்தில் இருந்தது. பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும். பலகை வெற்றுத் திரையைக் காட்டும். சேகரிப்பாளர்கள் இதைப் பலகையின் தற்கொலை என்றே சொன்னார்கள். பூட்டை உடைத்து, பின்னர் செத்த பலகைகளுக்கும் உயிர் கொடுக்கும் வழியைக் கண்டுபிடித்தவர்கள் நிறுவனத்துக்கு வெளியே இருந்த ஆர்வலர்கள். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் கலைவடிவம் அழியாமல் இருப்பதற்கு முதல் நன்றி அவர்களுக்கே உரியது.

அப்படியென்றால் தொகுப்பு எதற்கு, 1997 முதல் மேம் என்ற எமுலேட்டர், அதாவது ஆர்கேட் பலகையைக் கணினியில் போலச்செய்யும் மென்பொருள், இலவசமாகக் கிடைக்கிறதே, ஃபைட்கேட் என்ற மென்பொருளில் இணையத்தின் வழியே எதிராளியோடே ஆடலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை இந்தத் தொகுப்புகளுக்குள்ளும் ஓடுவது பழைய நிரல்தான், எமுலேட்டருக்குள் வைத்த நிரல். ஆனால் விளையாட்டின் நிரலை உரிமையில்லாமல் நகலெடுப்பது சட்டப்படி குற்றம். கணினியில் கோப்புகளைத் தேடிப் பிடித்துப் பொருத்தத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அந்தக் கதவு திறக்கிறது. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தன் ஸ்விட்ச் கருவியில் நேர்வழியில் வாங்கி ஆட வேண்டுமென்றால் தொகுப்புதான் வழி. அதோடு, பழைய விளையாட்டுக்கும் வாங்க ஆள் உண்டு என்ற கணக்கு நிறுவனத்தின் மேசைக்குப் போனால்தான் அலமாரியில் கிடக்கும் ஓவியங்களும் திட்டக் குறிப்புகளும் வெளியே வரும். 2018 தொகுப்பில் அப்படி வந்தன. வீரர்களின் அசைவுகளை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்க்கும் வசதியும் அதில் இருந்தது.

எனினும் அந்த 2018 தொகுப்பு என் அளவுகோலில் பாதிதான் தேறுகிறது. பன்னிரண்டு விளையாட்டுகளில் நான்கைத்தான் ஆன்லைனில் ஆட முடிந்தது. மற்ற எட்டும் பக்கத்தில் ஆள் இல்லாதவருக்குக் காட்சிப்பொருளாகவே நின்றன. 2022 தொகுப்பு இதைத் திருத்தியது. பத்து விளையாட்டுகளும் ஆன்லைனில், அதுவும் 'ரோல்பேக்' முறையில். இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். நீங்கள் சென்னையில், எதிராளி சிங்கப்பூரில் என்று வையுங்கள். செய்தி போய்வர மூன்று ஃபிரேம் போல ஆகும். பழைய முறையில் எதிராளியின் செய்தி வரும்வரை விளையாட்டு காத்திருக்கும். உங்கள் விரலுக்கும் திரைக்கும் இடையே ஒரு மந்தம் விழும். ரோல்பேக் காத்திருப்பதில்லை. எதிராளி சற்று முன் செய்துகொண்டிருந்ததையே தொடர்கிறார் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டுகிறது. ஊகம் தவறானால், உண்மைச் செய்தி வந்ததும் சில ஃபிரேம் பின்னால் போய்த் திருத்திக்கொண்டு தொடர்கிறது. பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. இதைச் சண்டை விளையாட்டுகளுக்குள் பரவலாகக் கொண்டுவந்தவர் எவோ போட்டியின் நிறுவனர்களில் ஒருவரான டோனி கேனன். 2006ல் ஆன்லைனுக்கு வந்த பழைய 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' ஆட முடியாதபடி மந்தமாக இருந்ததுதான் அவரைத் தூண்டியது.

பழைய விளையாட்டுகளே இன்றைக்கு ஒத்துவராதவை என்பது அடுத்த மறுப்பு. கணினி ஆடும் எதிராளி உங்கள் பொத்தானைப் பார்த்துப் பதில் கொடுக்கிறானோ என்று தோன்றும். காசை விழுங்கவே அமைத்த கடினம் அது. மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2வில் 56 வீரர்கள் இருந்தும் போட்டிகளில் திரும்பத் திரும்ப வருவது மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள் போன்ற சிலரே. இவை உண்மை. ஆனால் சீராக்கிப் பார்த்ததன் பலனும் நம் முன் இருக்கிறது. 2008ல் 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ'வைப் புதிய ஓவியங்களோடும் திருத்திய பலக்கணக்கோடும் வெளியிட்டார்கள். அக்கறையோடு செய்த வேலைதான். ஆனாலும் தீவிரமாக ஆடுபவர்களில் பலர் 1994ன் மூலத்துக்கே திரும்பினார்கள். ஏற்றத்தாழ்வுகளைச் சுற்றித்தான் அவர்கள் இத்தனை ஆண்டு அறிவைக் கட்டியிருந்தார்கள். ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்பவர் பாடபேதத்தைத் தன் விருப்பத்துக்குத் திருத்தாமல் குறிப்பில் வைப்பதுபோல, மூலத்தை அப்படியே விட்டு, உதவிகளைப் பக்கத்தில் வைப்பதே முறை. அண்மைத் தொகுப்புகள் இதைத்தான் செய்கின்றன. புதியவர்களுக்கு ஒரே பொத்தானில் பெரிய அடி, பழகிப் பார்க்கத் தனிக் களம், பழைய குழாய்த் திரையின் சாயல் என எல்லாம் இருக்கின்றன; வேண்டாதவர் அணைத்துவிடலாம்.

மூன்றாவது மறுப்புக்குத்தான் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆர்கேட் என்பது ஓர் இடம். அந்நியர் தோளோடு தோள் இடிக்க நின்று, தோற்றால் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போகும் இடம். அதை எந்தத் தொகுப்பும் தராது. 2019ல் ஜப்பானிலும் லாஸ் வேகாஸிலும் நடந்த எவோ போட்டிகளில் 'டெக்கன் 7' பட்டத்தை வென்று உலகை வியக்கவைத்த பாகிஸ்தானின் அர்சலான் ஆஷ், லாகூரின் ஆர்கேட் கூடங்களில் ஆடி வளர்ந்தவர். அப்படிப்பட்ட கூடங்கள் பல ஊர்களில் மூடப்பட்டுவிட்டன. ஆன்லைன் எதிராளி அதற்கு ஈடாகமாட்டார். ஆனால் கூடம் கற்றுக்கொடுத்த முதல் பாடம், நம்மைவிடத் திறமையான மனிதர் ஒருவர் எப்போதும் எதிரே இருக்கிறார் என்பது, நல்ல ரோல்பேக் வழியாக இன்றும் வந்து சேர்கிறது.

அதனாலேயே எஞ்சியிருக்கும் குறைகள் உறுத்துகின்றன. 2022, 2024 தொகுப்புகள் இரண்டிலும் பிளேஸ்டேஷன்காரர் ஸ்விட்ச்காரரோடு மோத முடியாதபடிதான் வெளியிட்டார்கள். ஏற்கெனவே சிறிய கூட்டம். அதையும் கருவிவாரியாகப் பிரித்துவிட்டால் எதிராளி எங்கே கிடைப்பார்? ஓவியக் காட்சியகத்துக்குச் செலவிட்ட அக்கறையில் ஒரு பங்கை இதற்கும் செலவிட்டிருக்க வேண்டும். உரிமச் சிக்கலும் தீர்ந்துவிடவில்லை. மார்வெல் பாத்திரங்கள் இன்றும் மார்வெலின் சொத்துதான். 2013ல் நடந்தது மீண்டும் நடக்காது என்பதற்கு வாங்குபவர் கையில் எந்த உறுதியும் கிடையாது. வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் அப்போது கடையில் கிடைக்காதவை. நிறுவனங்களின் வியாபாரக் கணக்கை மட்டும் நம்பி இந்த மரபை விட்டுவைக்க முடியாது. நூலகங்களுக்கும் ஆர்வலர்களுக்கும் சட்டம் கூடுதல் இடம் கொடுத்தாக வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொகுப்பில் எத்தனை விளையாட்டு என்று எண்ணுவதற்கு முன், எத்தனை விளையாட்டை ஆன்லைனில் ஆடலாம், எந்த முறையில், எந்தக் கருவிக்காரரோடு என்று பாருங்கள். தொலைக்காட்சியில் 'கேம் மோட்' இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையேல் தொலைக்காட்சியே சில ஃபிரேம்களைத் தின்றுவிடும். கணினியோடு மட்டும் ஆடிவிட்டு 'பழசு சரியில்லை' என்று மூடிவைக்காதீர்கள். வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட்டு இரண்டாவது கன்ட்ரோலரைக் கையில் கொடுங்கள்.