மூத்தவரா, இளையவரா?

அமெரிக்கக் காற்பந்தில் பந்தை யாருக்கு எறிவது என ஆட்டத்தின் நடுவே முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். அந்த இடத்துக்கு அனுபவசாலி நல்லதா, இளைஞர் நல்லதா?

2008இல் கிரீன் பே பேக்கர்ஸ் குழு இக்கேள்வியைச் சந்தித்தது. ஓய்வை அறிவித்த 38 வயது பிரட் ஃபார்வ், மனம் மாறித் திரும்பி வந்தார். குழுவோ அவரை நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பிவிட்டு, 24 வயது ஏரன் ரோஜர்சைக் களமிறக்கியது. அந்தப் பருவத்தில் ஃபார்வ் சேர்ந்த ஜெட்ஸ் 9 ஆட்டங்களில் வென்றது. பேக்கர்சுக்கு 6 வெற்றி, 10 தோல்வி. ஆனாலும் ரோஜர்சை மாற்றவில்லை. 2011 பிப்ரவரியில் சூப்பர் பவுல் கிண்ணம் கைக்கு வந்தது.

வயது மட்டுமே இதற்குக் காரணமன்று. 2005லேயே ரோஜர்சைச் சேர்த்து, ஃபார்வுக்குப் பின்னால் மூன்று பருவங்கள் பழக்கியிருந்தார்கள். மூத்தவர் இருக்கும்போதே அடுத்தவரைத் தயார்செய்ய வேண்டும். வாய்ப்புக் கொடுத்தபின் பொறுமையும் வேண்டும்.