பொறி ஒன்று, கட்சி பல

மனிதர் எதை விரும்பிக் கையில் எடுத்தாலும் அதிலே இரு கட்சி பிறந்துவிடுகிறது. தியாகராஜ பாகவதரா, பி. யு. சின்னப்பாவா என்று நம் பாட்டன்மார் திண்ணைகளில் வழக்காடினர். பாட்டைக் கேட்டு மகிழ்ந்த நேரத்தைவிட, யார் பாட்டு உயர்ந்தது என்று வாதிட்ட நேரமே மிகுதி எனலாம். ஊதியம் கருதாமல், உள்ளத்தின் விருப்பத்தால் மட்டுமே ஒன்றைப் பற்றிக்கொண்டவரிடையே இவ்வழக்கு இன்னும் சூடு பிடிக்கும். சென்ற நூற்றாண்டின் இறுதியில் மேலை நாடுகளின் வீட்டுக் கணிப்பொறி ஆர்வலரிடையே நிகழ்ந்த நீண்ட சொற்போர் இதற்குச் சிறந்த சான்று. அவர்கள் போரிட்டது நிலத்துக்காகவோ பொன்னுக்காகவோ அன்று. ‘இயங்குதளம்’ எனப்படும் ஒன்றுக்காக. கேட்பதற்கு வேடிக்கையாகத் தோன்றும். எனினும் ஒரே பொருளை நேசிப்பவர்கள் ஏன் ஒருவரையொருவர் பகைக்கிறார்கள், பின் எவ்வாறு மனம் ஒத்துப்போகிறார்கள் என்பதை இவ்வரலாறு நமக்குக் காட்டுகிறது.

கோயில்பிள்ளையின் பணி

இயங்குதளம் என்பது யாது? கோயிலில் திருப்பலி நிறைவேற்றுபவர் குரு. பாடுபவர் பாடகர் குழுவினர். வாசகம் வாசிப்பவர் வேறொருவர். ஆனால் கதவைத் திறப்பதும், மணி அடிப்பதும், மெழுகுதிரி ஏற்றுவதும், திருவுடைகளை எடுத்து வைப்பதும் கோயில்பிள்ளையே. அவர் ஒரு நாள் வராதபோதுதான் அவரது அருமை விளங்கும். கணிப்பொறியில் இயங்குதளம் செய்வதும் ஏறக்குறைய இதே பணிதான். கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், விளையாடவும் உதவும் நிரல்கள் தனித்தனியே உண்டு. அவற்றுக்கு நினைவகத்தில் இடம் ஒதுக்குவதும், வட்டில் சேமித்ததை எடுத்துத் தருவதும், விசைப்பலகையில் தட்டிய எழுத்தைத் திரைக்குக் கொண்டு சேர்ப்பதும் இயங்குதளத்தின் கடமை. ஓர் இயங்குதளத்துக்கென எழுதப்பட்ட நிரல் பொதுவாக மற்றொன்றில் ஓடாது. ஆகவே இயங்குதளத்தைத் தேர்ந்தவர், தம்மை அறியாமலே ஒரு கூட்டத்தையும் தேர்ந்தவர் ஆனார்.

விலை செய்த தீர்ப்பு

1975 மார்ச்சு 5ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மென்லோ பார்க் என்னும் ஊரில், ஒரு வீட்டின் கார்க் கொட்டகையில் சில ஆர்வலர் கூடினர். ‘ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்’ என்னும் பெயர்பெற்ற சங்கம் அங்கேதான் தோன்றியது. அக்காலத்துச் சிறு கணிப்பொறிகளில் பெரிதும் பரவிய இயங்குதளம், கேரி கில்டால் என்னும் அறிஞர் 1974இல் உருவாக்கிய சி.பி.எம். ஆகும். ஆனால் 1981 ஆகஸ்டு 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் சொந்தக் கணிப்பொறியை வெளியிட்டபோது நிலைமை மாறிற்று. அதனுடன் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் டாஸ் இயங்குதளம் 40 டாலருக்குக் கிடைத்தது. கில்டாலின் இயங்குதளத்துக்கு 240 டாலர் கேட்கப்பட்டது. அந்த டாஸோ, டிம் பேட்டர்சன் என்பவர் சி.பி.எம். முறையை ஒட்டி எழுதியதை மைக்ரோசாப்ட் விலைக்கு வாங்கித் திருத்தியதே. எது சிறந்தது என்று ஆர்வலர் இரவெல்லாம் விவாதித்துக்கொண்டிருக்க, 200 டாலர் வேறுபாடு சந்தடியின்றித் தீர்ப்பு எழுதிவிட்டது.

ஈக்கோவின் நகைச்சுவை

1984 ஜனவரி 24ஆம் நாள் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டோஷ் வந்தது. டாஸில் கட்டளைகளை எழுத்துப் பிசகாமல் தட்டவேண்டும். மெக்கின்டோஷிலோ திரையில் தோன்றும் சிறு படங்களைச் சுட்டினாலே போதும். ‘படம் பார்த்து விளையாடும் குழந்தைகள்’ என்று டாஸ் கட்சியினர் ஏசினர். ‘பத்துச் சொல்லை மனப்பாடம் செய்துவிட்டு அறிஞர் என்று நினைப்பவர்கள்’ என்று மற்றவர் திருப்பி ஏசினர்.

இச்சண்டையைக் கண்ட இத்தாலிய எழுத்தாளர் உம்பெர்த்தோ ஈக்கோ, 1994 செப்டம்பரில் ‘லெஸ்பிரெஸ்ஸோ’ வார இதழில் நம்மைப் போன்றோர் புன்னகைக்கத் தக்க ஒரு கட்டுரை வரைந்தார். இது வெறும் பொறிச் சண்டை அன்று, புதிய சமயப் போர் என்பது அவர் கருத்து. மெக்கின்டோஷ் கத்தோலிக்கமாம்: அழகிய படங்களைக் காட்டி, கையைப் பிடித்துப் படிப்படியாக அழைத்துச் சென்று, கடிதம் அச்சாகி வெளிவரும் பேரின்பம் வரை எல்லாரையும் கொண்டு சேர்க்கிறதாம். டாஸ் புராட்டஸ்டாண்டு சபையாம்: மறைநூலை அவரவரே பொருள்கொள்ள வேண்டும், கடினமான முடிவுகளைத் தனியே எடுக்கவேண்டும், அனைவரும் கரைசேர்வர் என்ற உறுதியும் இல்லை. மேலே படங்களும் அடியில் டாஸும் கொண்ட விண்டோஸை ஆங்கிலிக்கன் சபைக்கு ஒப்பிட்டார். பேராலயத்தில் சடங்குகள் சிறப்பாக நடைபெறும். ஆயினும் விரும்பியபோது டாஸுக்குத் திரும்ப வழி உண்டாம். நம் பிரிந்த சகோதரரும் இதைப் படித்துச் சிரிக்கலாம். எவரையும் புண்படுத்தும் எழுத்து அன்று. சிரிப்பின் அடியில் ஓர் உண்மையும் உண்டு. கருவியைப் பற்றிய கருத்து, ‘நான் யார்’ என்னும் அடையாளமாக மாறிவிடும்போது, அதைத் தொட்டவர் நம்மையே தொட்டதாக நமக்குத் தோன்றிவிடுகிறது.

படைத்தலைவர் மாறினர், படைகள் மாறவில்லை

இதற்கு 1985ஆம் ஆண்டைவிடத் தெளிவான சான்று கிடையாது. அவ்வாண்டில் கொமடோர் நிறுவனத்தின் அமிகாவும், அட்டாரி நிறுவனத்தின் எஸ்.டி.யும் எதிரெதிரே களம் இறங்கின. இரண்டுக்கும் மூளையாக இருந்தது மோட்டரோலா 68000 என்னும் ஒரே சில்லுதான். அமிகா ஒரே நேரத்தில் பல நிரல்களை இயக்கவல்லது. அதன் படங்களும் வண்ணங்களும் அக்காலத்தில் வியப்பூட்டின. அட்டாரியின் விலை குறைவு. இசைக்கருவிகளை இணைக்கும் மிடி வசதி அதனுடன் கூடவே வந்தமையால் இசையமைப்பாளர் அதை விரும்பினர். ஐரோப்பாவில், சிறப்பாக ஜெர்மனியிலும் பிரிட்டனிலும், இளைஞர்கள் இரு பாசறைகளாகப் பிரிந்து நின்றனர்.

ஆனால் கொமடோரை நிறுவி வளர்த்தவர் ஜாக் டிராமியல். அவரே 1984 ஜனவரியில் அதை விட்டு விலகி, ஜூலையில் அட்டாரியின் வீட்டுக் கணிப்பொறிப் பிரிவை வாங்கினார். அமிகாவை உருவாக்கிய சிறு நிறுவனமோ முன்னர் அட்டாரியிடம் கடன் பெற்றிருந்து, பின்னர் கொமடோரின் கைக்குச் சென்றது. படைத்தலைவர்கள் இவ்வாறு பாசறை மாறிக்கொண்டபின், படைவீரர் மட்டும் பழைய கொடியின்கீழ் நின்று பழித்துக்கொண்டனர்.

குறைகளும் இரண்டுக்கும் பொதுவே. நிரல் பழுதுபட்டால் அட்டாரியின் திரையில் வெடிகுண்டுப் படங்கள் வரிசையாகத் தோன்றும். அமிகாவில் ‘குரு மெடிட்டேஷன்’, அதாவது குருவின் தியானம், என்னும் சொற்கள் சிவப்புக் கட்டத்துள் மின்னும். மற்றவர் வீட்டு வெடிகுண்டைக் கண்டு நகைத்தவர், தம் வீட்டுக் குரு அடிக்கடி தியானத்தில் அமர்வதைக் கூறமாட்டார்! 1994 ஏப்ரலில் கொமடோர் நொடித்தது. 1996இல் அட்டாரி வேறொரு நிறுவனத்துடன் இணைந்து மறைந்தது. அமிகா என்னும் ஸ்பானியச் சொல்லுக்குத் தோழி என்பது பொருள். அப்பெயரால் எத்தனை தோழமை முறிந்ததோ!

பேராசிரியரும் மாணவரும்

இச்சொற்போர்களுள் புகழ்பெற்றது 1992 ஜனவரி 29ஆம் நாள் தொடங்கியது. ஆம்ஸ்டர்டாம் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றின் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், மாணவர் கற்பதற்கென 1987இல் மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஆக்கியவர். அவரது நூலைப் படித்துத் தேர்ந்த ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991இல் தம் வீட்டுக் கணிப்பொறிக்காகத் தாமே ஒன்றை எழுதினார். அதுவே லினக்ஸ். இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக வளராது என்றே அவர் முதலில் அறிவித்தார். கணிப்பொறிகள் வழியே கருத்துப் பரிமாறும் பொது அரங்கில் பேராசிரியர், ‘லினக்ஸ் காலாவதியானது’ என்று அறிவித்தார்.

வழக்கின் சாரம் இதுவே. லினக்ஸில் எல்லாச் சாவிகளும் ஒரே கோயில்பிள்ளையிடம் இருக்கின்றன; வேலை விரைவாக நடக்கும், ஆனால் அவர் நோயுற்றால் அனைத்தும் நின்றுவிடும். பேராசிரியர் விரும்பிய முறையில், நடுவில் ஒரு சிறு மேற்பார்வையாளர் இருக்க, மற்றப் பணிகளைப் பல உதவியாளர் தனித்தனியே செய்வர். ஒருவர் வீழ்ந்தாலும் மற்றவர் தொடர்வர், ஆனால் செய்தி சொல்லியனுப்புவதிலேயே நேரம் கழியும். இரண்டிலும் நியாயம் உண்டு. மேலும், லினக்ஸ் ஒரே வகைச் சில்லுக்குக் கட்டுப்பட்டது என்றும் பேராசிரியர் குறைகூறினார். டோர்வால்ட்ஸ் தம் மாணவராயின் உயர்ந்த மதிப்பெண் பெறமாட்டார் என்றும் எழுதினார். இருபத்திரண்டு வயது இளைஞரும் பொறுக்கவில்லை. மினிக்ஸின் குறைகளுக்குப் பேராசிரியப் பதவி நல்ல சாக்கு என்று சுடச்சுட விடையிறுத்தார்.

இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய திருப்பம் நிகழ்ந்தது. மூன்றாமவர் ஒருவர், ‘இப்படிச் செய்வது முறையன்று’ என்று டோர்வால்ட்ஸுக்கு நட்போடு ஒரு கடிதம் எழுதினார். ஓரிரு நாட்களுக்குள் டோர்வால்ட்ஸ் அதே பொது அரங்கில் மன்னிப்புக் கேட்டார். அக்கடிதத்துக்கு நன்றியும் கூறினார். கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. கடுஞ்சொல்லை மட்டுமே திரும்பப் பெற்றார். பேராசிரியரும் தம் கருத்தில் உறுதியாகவே நின்றார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2004இல், லினக்ஸ் மினிக்ஸிலிருந்து திருடப்பட்டதாக ஒருவர் பழி சுமத்த முற்பட்டார். அப்போது டோர்வால்ட்ஸுக்காக வழக்குரைக்க எழுந்தவர் யார்? அன்று எதிர்க்கட்சியில் நின்ற அதே டானன்பாம்! அந்நிரலை டோர்வால்ட்ஸ் தாமே எழுதினார், திருட்டு ஏதும் இல்லை என்று அவர் சான்று பகர்ந்தார். லினக்ஸின் அமைப்பு தவறானது என்னும் கருத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

வென்றவர் எவர்?

இறுதியில் வென்றவர் எவர்? 2017 நவம்பர் முதல் உலகின் ஆற்றல்மிக்க 500 கணிப்பொறிகளும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. நம் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசியின் உள்ளேயும் இருப்பது அதுவே. ஒரே சில்லுக்குரியது என்று கருதப்பட்டது இன்று பலவகைச் சில்லுகளில் ஓடுகிறது. அதே 2017இல் மற்றொரு செய்தியும் வெளிப்பட்டது. இன்டெல் நிறுவனம் தன் சில்லுகளின் உள்ளே, மேலாண்மைப் பணிக்காக மினிக்ஸை வைத்திருந்தது. ஒரு சொல் முன்னரே கூறியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும் என்று பேராசிரியர் பெருந்தன்மையோடு எழுதினார். பெரிதாக வளராது என்ற இளைஞரின் கணிப்பும் பொய்த்தது. காலாவதியானது என்ற முதியவரின் கணிப்பும் பொய்த்தது. மேலே லினக்ஸும் அடியில் மினிக்ஸுமாக, இரண்டும் ஒரே பெட்டிக்குள் அமைதியாகப் பணிபுரியும் கணிப்பொறிகளும் உண்டு.

ஆர்வலர் ஏன் இவ்வளவு கடுமையாகப் போரிடுகின்றனர் என்பதும் இப்போது விளங்கும். சேமித்த பணம், கற்பதற்குச் செலவிட்ட இரவுகள், அதன் வழியாகக் கிடைத்த நண்பர்கள் ஆகிய அனைத்தும் அப்பெட்டிக்குள் இருக்கின்றன. ‘உன் பொறி மட்டமானது’ என்னும்போது, ‘உன் உழைப்பு வீண்’ என்றே அது கேட்பவர் செவியில் விழுகிறது.

நம் இல்லங்களிலும் இன்று அண்ணனும் தம்பியும் ஆண்ட்ராய்டா, ஆப்பிளா என்று வாதிடுவதைக் கேட்கிறோம். பெற்றோர் அதைத் தடுக்கவேண்டியதில்லை. நல்ல வாதம் அறிவை வளர்க்கும். ‘எந்த வேலைக்கு, யாருக்கு, என்ன விலையில் சிறந்தது?’ என்று மட்டும் கேளுங்கள். பாதிச் சண்டை அடங்கிவிடும். சொல் தடித்தால், அன்று அந்த மூன்றாமவர் எழுதிய கடிதத்தைப் போல ஒரு சொல் தனியே அழைத்துக் கூறுங்கள். கருத்து வேறுபட்டவர் மீது பொய்ப்பழி விழும் நாளில், அவருக்காக எழுந்து நின்று உண்மை பேசும் மனம் நம் பிள்ளைகளுக்கு வாய்க்கவேண்டும். எந்தப் பொறி கையில் இருந்தாலென்ன?