நகல் மென்பொருளும் நமது சங்கமும்

நெசவாளர் பாடுபட்டு வகுத்த கரையையும் முந்தியையும் விசைத்தறிக்காரர் நகல் செய்து விற்றால் நாம் பொறுப்பதில்லை. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் அத்தகைய போட்டியினின்று நம்மைக் காக்கவே பிறந்தது. அங்ஙனமாயின், பிறர் உழைப்பில் விளைந்த மென்பொருளை உரிய விலை கொடாது நகலெடுத்துச் சங்கக் கணினியில் பயன்படுத்துவது மட்டும் முறையாகுமா? அறிந்தே அவ்வாறு செய்வோர்க்கு 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப் பதிப்புரிமைச் சட்டம் இடந்தருகிறது.

விலை கட்டுப்படியாகாதெனில் நேர்வழி உண்டு. சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ‘பாஸ்’ இயங்குதளம் போன்ற கட்டற்ற மென்பொருள்களை, விதைநெல்லை அண்டை வயலுக்குக் கொடுப்பது போல், எவரும் நகலெடுத்து வழங்கலாம். அவற்றின் உரிமமே அதற்கு அனுமதியளிக்கிறது. எனினும் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் செலவுண்டென்பதை மறத்தலாகாது.

விற்போருக்கும் கடமை உண்டு. பிறர் மென்பொருள் தன்னுடையதோடு இணங்கி இயங்கத் தேவையான விவரங்களை மறைத்தது முதலிய காரணங்களுக்காக, ஐரோப்பிய ஆணையம் 2004-இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது.

ஆகவே அண்ணனூர் வட்டார அங்கத்தினர்களுக்கு நமது யோசனை இதுவே: மென்பொருள் வாங்குமுன், நம் கணக்குகளை வேறொரு மென்பொருளுக்குத் தடையின்றி மாற்றிக்கொள்ள இயலுமா என்று பேரவையில் கேளுங்கள். நூல் கொடுத்த வியாபாரியிடமே சேலையை விற்றாகவேண்டிய பழைய நிலை, நமது கணக்கேட்டிலும் நுழைதலாகாது.