ஒரு துளி பதம்

மாம்பழ சீசனில் ஒருநாள் காலை எங்கள் வீட்டு சுகர் மெஷின் 312 காட்டியது. அம்மா அதுவரை ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை. பேரனுக்குப் பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு, கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி மறுபடி குத்தினோம். 128. மெஷினைக் கடையில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிய அப்பா செருப்பைக் கழற்றினார்.

மெஷின் பொய் சொல்லவில்லை. இன்றைய ஸ்ட்ரிப்புகள் பலவற்றுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தம்கூட வேண்டாம். ஒரு மைக்ரோலிட்டர் என்பது மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கடுகளவு. சர்க்கரை 100 என்றால் அந்தக் கடுகுக்குள் இருக்கும் குளுக்கோஸ் ஒரே ஒரு மைக்ரோகிராம். விரல் நுனியில் காய்ந்து ஒட்டியிருக்கும் பழச்சாற்றில் அதைவிடக் கூடுதலாக இருந்தால் ஆச்சரியமில்லை.

காலாவதியான ஸ்ட்ரிப் ஒன்று கிடைத்தால் பிரித்துப் பாருங்கள். இரண்டு பிளாஸ்டிக் தாள்கள், நடுவே மயிரிழை இடைவெளி, கரியாலோ தங்கத்தாலோ இழுத்த சில கோடுகள். அவ்வளவுதான். ரத்தத்தைத் தொட்டதும் விருட்டென்று உள்ளே இழுத்துக்கொள்கிறதே, அதற்குப் பம்பு கிடையாது. விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுகிற அதே வேலை. உள்ளே உலர்ந்து கிடக்கும் நொதி குளுக்கோஸிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறிக்கிறது. அவை கோடுகள் வழியே ஓட, மெஷின் அந்த மின்னோட்டத்தை அளந்து எண்ணாக்குகிறது. நொதியையும் மின்முனையையும் சேர்த்து வைக்கும் யோசனையை அமெரிக்கரான லீலண்ட் கிளார்க் 1962-ல் வெளியிட்டார். அது பேனா அளவுக் கருவியாகக் கடைக்கு வந்தது 1987-ல்.

ஐந்தே வினாடியில் விடை வருவதற்கும் அந்த மயிரிழை இடைவெளிதான் காரணம். அசையாத நீரில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு தானாகப் பரவி ஒரு சென்டிமீட்டர் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். தூரத்தை நூறில் ஒரு பங்காக, அதாவது 0.1 மில்லிமீட்டராகக் குறைத்தால் நேரம் பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். சில வினாடிகள் போதும். 1992-ல் வந்த ஐ-ஸ்டாட் என்ற ரத்தப் பரிசோதனைக் கருவியில் சின்ன அளவின் இன்னொரு சாமர்த்தியத்தைப் பார்க்கலாம். அதன் கார்ட்ரிஜுக்குள் சிலிக்கான் சிப்புகளோடு, அளவு தெரிந்த திரவம் அடைத்த குட்டிப் பையும் இருக்கும். முதலில் அந்தப் பை குத்தப்பட்டு, திரவம் சிப்பின் மேல் ஓடும். சிப் தன்னைச் சரிபார்த்துக்கொண்ட பிறகுதான் இரண்டு மூன்று துளி ரத்தம் அதன் மேல் போகும். தராசில் முள் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாமான் வைப்பதுபோல.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சர்க்கரைக்கு அது பொருந்துகிறது. ஆனால் அந்த ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து, பானையில் கல் இருக்கிறதா என்று சொல்ல முடியுமா?

தெரனோஸ் நிறுவனம் விற்ற கனவு இந்த இடத்தில்தான் உடைந்தது என்பது என் எண்ணம். விரல் நுனித் துளிகளிலேயே ஏராளமான பரிசோதனைகளைச் செய்வோம் என்ற அந்நிறுவனத்தின் மதிப்பு ஒரு கட்டத்தில் 900 கோடி டாலரைத் தொட்டது. 2015-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் குட்டை உடைத்தது. முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் 2022-ல் குற்றவாளி என்று தீர்ப்பானது. மோசடிக் கதை எல்லோருக்கும் தெரியும். துளியின் கதைதான் அதிகம் பேசப்படவில்லை. அதே 2015-ல் ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் (பழமொழிக்கு ஏற்ற பெயர்தான்) ஒரே குத்தில் அடுத்தடுத்து வந்த துளிகளைச் சோதித்தார்கள். ஹீமோகுளோபினும் வெள்ளணு எண்ணிக்கையும் துளிக்குத் துளி மாறின. ரத்தம் வரவில்லையே என்று விரலைப் பிதுக்கினால் வேறு வம்பு: திசுநீர் கலக்கும், சிவப்பணு உடைந்து உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டி, இல்லாத ஏற்றத்தைக் காட்டும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடிய தொல்லை. பானையில் கல் தேடுவது அப்படியல்ல. ரத்தத்தில் கிருமி பரவிய நோயாளிக்குக்கூட ஒரு மில்லிலிட்டரில் ஒரே ஒரு பாக்டீரியாதான் இருக்கக்கூடும். அந்த மில்லிலிட்டரை ஆயிரம் கடுகாகப் பிரித்தால், ஒன்றில்தான் அது இருக்கும். மற்ற 999-ஐ உலகின் தலைசிறந்த சிப்பில் விட்டாலும் ‘கிருமி இல்லை’ என்றே சொல்லும். அந்தத் துளியைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

அதனால்தான் காய்ச்சலில் கிடப்பவரிடம் பாட்டிலுக்குப் பத்து மில்லி வீதம் ரத்தக் குழாயிலிருந்து உறிஞ்சுகிறார்கள். ‘இருக்கிற ரத்தத்தையெல்லாம் எடுத்துட்டாங்க’ என்று கூட இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். பாட்டில் உடம்புச் சூட்டில் இருக்கும். உள்ளே இருக்கிற ஒரு சில கிருமிகள் தின்று, பிரிந்து, கோடிக்கணக்கில் பெருகும். அதன் பிறகு அதிலிருந்து ஒரு துளி எடுத்தால் போதும். அப்போது சிப்பின் முறை.