நர்சு ஏன் சிடுசிடுக்கிறார்?

"கூப்பிட்டால் வருவது இல்லை. வந்தாலும் சிடுசிடுப்பு!"

ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்கள் பலர் சொல்லும் குறை இது. அந்த நர்சு அன்று எத்தனை பேரைக் கவனித்தார் என்று மட்டும் யாரும் கேட்பது இல்லை.

பெரம்பூர் ரெயில்வே ஆஸ்பத்திரியை வட சென்னையில் அறியாதவர் உண்டா? இந்தியாவிலேயே முதன் முதலாக இருதய "பைபாஸ்" ஆபரேசன் வெற்றிகரமாக நடந்தது இங்கேதான். ஆண்டு 1975. செய்தவர் டாக்டர் கே.எம்.செரியன்.

இப்படிப்பட்ட ஆபரேசன், டாக்டர் கை கழுவியதும் முடிந்து விடுவது இல்லை. நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு, மார்புக் குழாயில் வடியும் ரத்தம் ஆகியவற்றை விடிய விடியப் பார்த்துக் குறிக்க வேண்டும். அதைச் செய்பவர் நர்சு. ஆபத்தை முதலில் காண்பவரும் அவரே. அவர் கண் அசந்தால்?

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்சு. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் பொது வார்டில் 3 பேருக்கு ஒருவர். இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு இது. ஏட்டுக் கணக்கு! இரவில் வார்டில் துணைக்குப் படுத்தவர்களுக்கு வேறு கணக்கு தெரியும்.

களைப்பு வேறு, இது வேறு

களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். இந்தச் சோர்வு போகாது. சக்தி வற்றிப் போகும். வேலையில் வெறுப்பு வரும். எதைச் செய்தாலும் உருப்படியாகச் செய்யவில்லை என்று தோன்றும். "இது நோய் அல்ல, வேலை இடத்து நெருக்கடி தீராமல் நீடிப்பதன் விளைவு" என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் விளக்கியது.

ஆகவே, "பொறுமையாக இரும்மா" என்று புத்தி சொல்லிப் பயன் இல்லை. தியான வகுப்பு நடத்தலாம். முடிந்து திரும்பினால், வார்டில் அதே கூட்டம்தானே?

அமெரிக்காவில் லிண்டா எய்க்கன் என்ற பேராசிரியையின் குழு 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்தது. 2002-ல் முடிவு வெளிவந்தது. ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி கூடினால், அவர் சோர்ந்து போகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. ஆபரேசன் ஆனவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதம் கூடுகிறது!

ஒரு நர்சிடம் இத்தனை பேருக்கு மேல் விடக்கூடாது என்று கலிபோர்னியாவில் 2004-ல் சட்டமே அமலுக்கு வந்துவிட்டது.

இங்கே சம்பளக் கவலையும் சேர்ந்தது. 2017 நவம்பரில் தமிழக அரசு ஆஸ்பத்திரிகளின் ஒப்பந்த நர்சுகள் சென்னையில் திரண்டு போராடினார்கள். நிரந்தர வேலை கேட்டார்கள். அப்போது அவர்கள் மாதச் சம்பளம் 7,700 ரூபாய்.

மாற்று ஆள் எங்கே?

ஷிப்டு வேலை பெரம்பூருக்குப் புதிது அல்ல. ரெயில் பெட்டித் தொழிற்சாலையில் அடுத்த ஷிப்டு ஆள் வராவிட்டால் மிஷினை நிறுத்தலாம். வார்டை நிறுத்த முடியுமா? வந்த நர்சே தொடர்ந்து நிற்க வேண்டியதுதான்.

லீவில் போவோருக்குப் பதிலாக, 100 நர்சுக்கு 30 பேர் கூடுதலாக வேண்டும் என்பதும் கவுன்சிலின் கணக்குதான். அந்த 30 பேர் இருந்தால், இரவெல்லாம் விழித்தவர் காலையில் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம்.