தண்ணீரும் அமுங்கும்

ஊசி கழற்றிய சிரிஞ்சில் காற்றை இழுத்து, முனையை விரலால் அடைத்துத் தண்டை அழுத்தினால் பாதிவரை உள்ளே போகும். கையை எடுத்ததும் திரும்பி வரும். தண்ணீரை நிரப்பி அழுத்தினால் விரல்தான் வலிக்கும், தண்டு அசையாது. இதைக் காட்டித்தான் வாயு அமுங்கும், திரவமும் திடப்பொருளும் அமுங்கா என்று சொல்லித்தருகிறோம். பிள்ளைகள் மனதில் பதிந்துவிடும் இந்த வாக்கியத்தின் பின்பாதி தவறு. அமுங்காத பொருள் என்று எதுவுமே இல்லை. எவ்வளவு அமுங்கும் என்பதில்தான் வித்தியாசம்.

இந்த மயக்கம் பழையது. 17ஆம் நூற்றாண்டில் பிளாரன்ஸ் நகர ஆய்வாளர்கள் வெள்ளி உருண்டைக்குள் தண்ணீரை அடைத்துச் சுத்தியலால் தட்டினார்கள். நீர் உலோகத்தின் வழியே வியர்வையாய்க் கசிந்ததே தவிர, சுருங்கியதாகத் தெரியவில்லை. லண்டன் பள்ளி ஆசிரியர் ஜான் கேன்டன் 1762இல்தான் உண்மையை நிறுவினார். மெல்லிய கண்ணாடிக் குழாயில் இருந்த நீரின் மீதிருந்த காற்றழுத்தத்தை அவர் நீக்கியதும் நீர்மட்டம் துளி உயர்ந்தது. அதுவரை காற்று அதை அமுக்கி வைத்திருந்தது என்றுதானே பொருள்? நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால், அடைபட்ட காற்று பாதியாகும். தண்ணீர் இருபதாயிரத்தில் ஒரு பங்கு சுருங்கும். எஃகு ஏறத்தாழ 16 லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறியதைக் கணக்கில் எடுக்க வேண்டுமா என்று கேட்கலாம். கடலைப் பாருங்கள். மரியானா அகழியின் அடியில், சுமார் 11 கிலோமீட்டர் ஆழத்தில், அழுத்தம் ஆயிரம் மடங்குக்கும் மேல். அங்கே நீர் 5 சதவீத அளவுக்கு நெருங்கிக் கிடக்கிறது. தண்ணீர் சற்றும் அமுங்காததாக இருந்தால் உலகின் கடல்மட்டம் 30 மீட்டருக்கும் மேல் உயர்ந்திருக்கும்.

பஞ்சும் இட்லியும் திடப்பொருள்தானே, எளிதில் அமுங்குகின்றனவே என்றால், அங்கே ஒடுங்குவது துளைகள்தான், அவற்றில் இருக்கும் காற்று வெளியேறிவிடுகிறது. திடப்பொருள்தான் எப்போதும் கடினம் என்பதும் சரியல்ல: திரவமான பாதரசத்தை அமுக்குவது பனிக்கட்டியை அமுக்குவதைவிடக் கடினம். அணுக்கள் எவ்வளவு நெருங்கி, எவ்வளவு உறுதியாகப் பிணைந்திருக்கின்றன என்பதே இதைத் தீர்மானிக்கிறது. வாயுவில் மூலக்கூறுகளுக்கு நடுவே வெற்றிடம்தான் அதிகம், அதனால் இடம் கொடுக்கிறது.

பிரேக் ஆயிலில் காற்று புகுந்துவிட்டால் மிதி பஞ்சுபோல் இறங்குவதும் இதனால்தான். காலின் விசை சக்கரத்துக்குப் போகாமல் குமிழியைச் சுருக்குவதில் போய்விடுகிறது. கேஸ் சிலிண்டரின் வலிமையைத் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதிப்பதற்கும் இதுவே காரணம். கொஞ்சமே சுருங்கும் நீரில் சேரும் ஆற்றலும் கொஞ்சமே, எனவே சுவர் பிளந்தால் நீர் பீறிட்டு அடங்கிவிடும். காற்றை ஏற்றிச் சோதித்தால் அது வெடிகுண்டாகும். சிலிண்டரின் கழுத்துப் பகுதியில் ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றும் அருகே ஆண்டும் இருக்கும். அடுத்த சோதனைக்கான காலாண்டு அது. சிலிண்டரை வாங்கும்போது அந்தத் தேதி கடந்துவிட்டதா என்று பாருங்கள்.