முதல் பேருந்தும் மல்லிகை விலையும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் சுற்றுவட்டாரத்தில் மல்லிகை, முல்லை முதலிய பூக்கள் பரவலாகப் பயிரிடப்படுகின்றன. கீரமங்கலம் பூச்சந்தையே இவற்றுக்கு முக்கிய விற்பனை இடமாகும். மல்லிகையை வெயில் ஏறுமுன் மொக்காகவே பறித்துவிட வேண்டும். நேரம் ஆக ஆக எடை குறையும். விரிந்துவிட்டால் விலை போகாது.

மோட்டார் சைக்கிள் உள்ள விவசாயி பறித்தவுடன் சந்தைக்குப் போய், நாலு கடையில் விலை கேட்டு விற்கிறார். கால் ஏக்கர், அரை ஏக்கர் பூ வைத்திருப்பவர்களில் பலருக்கு, குறிப்பாகத் தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கு, அந்த வசதி இல்லை. பேருந்தும் நேரத்துக்கு இல்லையென்றால் ஊருக்கு வரும் வியாபாரி சொன்னதே விலை. அவர் கிலோவுக்கு 40 ரூபாய் குறைத்தால், நாளொன்றுக்கு 5 கிலோ பறிப்பவருக்கு 200 ரூபாய் நட்டம். மண்ணும் ரகமும் ஒன்றுதான். பண்டிதமும் ஒன்றுதான். வருமானம் மட்டும் வேறு.

இம்மாவட்டப் பெண்களுக்கு இது புதிதல்ல. 1991-92ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கத்தால், எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுத்தரப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். பேருந்துக்குக் காத்துக்கிடந்த நேரம் மிச்சமானது. விளைபொருளை அக்கம்பக்கத்து ஊர்களுக்குத் தாங்களே கொண்டுபோய் விற்றனர். கேலி பேசியவர்களும் உண்டு, பெண்கள் பொருட்படுத்தவில்லை.

2021 மே மாதம் அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது. இதனால் பெண்ணொருவருக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கூறியது. கூலி வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு இது சிறு தொகையல்ல. ஆனால் பேருந்தே வராத ஊருக்கு இச்சலுகையால் பயனில்லை. வரும் ஊரிலும் முதல் பேருந்து எட்டு மணிக்கு என்றால் பூ விவசாயிக்கு உதவாது. நெரிசலில் கூடைக்கு இடம் பிடிப்பது தனிப் பாடு!

ஆகவே பேருந்து கேட்டு மனுக் கொடுப்போர் 'பேருந்து வேண்டும்' என்று மட்டும் எழுதாமல், பறிப்பு முடியும் நேரம், சந்தை தொடங்கும் நேரம், ஊரில் பூ வைத்திருப்போர் எண்ணிக்கை, நாள்தோறும் போகும் எடை ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி, போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடமும், ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். பேருந்து செல்ல முடியாத குறுகிய சாலையானால் மினி பஸ் கேட்கலாம்.

அதுவரை ஐந்தாறு வீட்டார் சேர்ந்து, வீட்டுக்கொரு பையில் பெயரும் எடையும் குறித்து, ஒரே வண்டியில் அனுப்பலாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சீட்டு வாங்கிவிட்டால் கணக்கில் மனத்தாங்கல் வராது. மொக்குகளை அழுத்தி அடைக்காமல் மூங்கில் கூடையில் காற்றோட்டமாக வைத்து, வண்டி வரும்வரை நிழலில் வைக்கவும். புதிதாகப் பூ நட இருப்போர், காலை வண்டிக்கு வழியில்லையெனில், நிலம் முழுவதையும் பூவுக்கு விடாமல் ஒரு பகுதியில் நிலக்கடலை, உளுந்து போன்று இருப்பு வைத்து விற்கக்கூடிய பயிரைச் செய்வது நல்லது.